"எந்த ஏரியா?" என்று கேட்கிறவர்களோடு வேலை பார்ப்பது எப்படி

கிண்டியில் ஒரு ஆபீஸில் கணக்கு பார்க்கிறேன். வீடு வடசென்னையில், வியாசர்பாடி. காலையில் ஜீவா ஸ்டேஷனில் ஏறி, சென்ட்ரலில் இறங்கி, பார்க் ஸ்டேஷனுக்கு ஓடி தாம்பரம் வண்டியைப் பிடிக்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் சீனியர் ஒருவர், "வியாசர்பாடியா? அங்க எல்லாரும் கத்தியோடதானே சுத்துவாங்க?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் பேச்சைவிட என் சிரிப்புதான் ராத்திரி இரண்டு மணிக்கு என்னை எழுப்பி உட்காரவைத்தது.

ஏரியாவைக் கேட்பது பாதி நேரம் சாதியைக் கேட்கத்தான். வாடகைக்கு வீடு தேடும்போது இன்னும் பச்சையாகத் தெரியும். ஒரு ஹவுஸ் ஓனரம்மா "கறி சமைப்பீங்களா" என்று ஆரம்பித்து, சொந்த ஊர், குலதெய்வம் வரைக்கும் போனார்.

இந்த மாதிரி நேரத்தில் உடனே பதிலடி கொடுத்தே ஆக வேண்டும் என்று நினைக்காதீர்கள். கொடுக்க முடியாமல் போனால் அதற்கும் சேர்த்து நம்மையே திட்டிக்கொள்வோம். நான் ஒரே ஒரு வரி வைத்திருக்கிறேன்: "ஏன் கேக்குறீங்க?" கோபமில்லாமல் கேட்டுவிட்டு, வாயை மூடிக்கொண்டு காத்திருப்பேன். பெரும்பாலும் "சும்மாதான்" என்று நழுவிவிடுவார்கள். அதற்கும் தெம்பில்லாத நாளில் பாட்டிலை எடுத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் போய்விடுவேன். அதுவும் சரிதான்.

அன்றைக்கே எழுதிவையுங்கள். தேதி, நேரம், யார் யார் இருந்தார்கள், அவர்கள் சொன்ன அதே வார்த்தை. நாகரிகம் பார்த்து மாற்றாதீர்கள். நான் எனக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொள்கிறேன். எழுதிவிட்டால் "நான்தான் தப்பா எடுத்துக்கிட்டேனோ" என்று மண்டைக்குள் திரும்பத் திரும்ப ஓடுவது குறைகிறது. பின்னால் புகார் கொடுப்பதானால் அதுவே கைகொடுக்கும்.

யாரிடம் சொல்வது என்பதில் கவனம் வேண்டும். அம்மாவிடம் சொன்னால் அம்மா அழும், அப்புறம் நான்தான் சமாதானம் சொல்ல வேண்டும். "விடு, எல்லா எடத்திலயும் இப்படித்தான்" என்கிறவர்களிடம் சொல்வதற்குச் சும்மா இருக்கலாம். புளியந்தோப்பில் எனக்கு ஒரு தோழி இருக்கிறாள். முதலில் "சாப்ட்டியா?" என்பாள், அப்புறம் அந்த ஆளைக் கழுவி ஊத்துவாள். பாதி பாரம் அங்கேயே இறங்கிவிடும்.

இன்னொன்று, என் தாத்தா எங்கள் ஏரியாவுக்குப் பக்கத்திலிருந்த பின்னி மில்லில் தொழிலாளி. 1918-இல் மெட்ராஸ் லேபர் யூனியன் தொடங்கியது அந்த மில்காரர்களை வைத்துத்தான், இந்தியாவின் முதல் தொழிற்சங்கங்களில் ஒன்று அது. 1996-இல் மில்லை மூடினார்கள். இதையெல்லாம் தெரிந்துகொண்ட பிறகு, ஏரியா பெயர் சொல்லும்போது என் குரல் தானாக இறங்குவதில்லை.

இவ்வளவு செய்தும் இரண்டு வாரமாகத் தூக்கமில்லை, சோறு இறங்கவில்லை, ஆபீஸ் வாசலிலேயே நெஞ்சு படபடக்கிறது என்றால் தள்ளிப்போடாதீர்கள். 14416 அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண், இலவசம், எந்நேரமும் தமிழில் பேசலாம். நேரில் போக நமக்குப் பக்கத்திலேயே ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. நான் போனேன். டாக்டர் முதலில் கேட்டதே தூக்கத்தைப் பற்றித்தான். சாகலாம் போல எண்ணம் வந்தால் அந்த நிமிஷமே யாரையாவது பக்கத்தில் கூப்பிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

புகார் விஷயம். ஏரியாவைக் கிண்டலடித்ததற்கு மட்டும் தனிச் சட்டம் எதுவும் எனக்குத் தெரிந்து கிடையாது. ஆனால் பட்டியல் சாதியினரையோ பழங்குடியினரையோ அந்தப் பிரிவுகளைச் சேராத ஒருவர் நாலு பேர் பார்க்கச் சாதி சொல்லித் திட்டினால் 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். எஃப்ஐஆர் போடுவதற்கு முன் முதல்கட்ட விசாரணை தேவையில்லை என்று 2018-இல் திருத்தமே வந்திருக்கிறது. வன்கொடுமைப் புகார் உதவிக்கு 14566, இலவச வக்கீலுக்கு 15100. வழக்கும் தூக்கத்தைத் தின்னும், அதனால் கொடுப்பதா வேண்டாமா என்று தோழியோடு உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள். ஸ்டேஷனுக்குத் தனியாகப் போகாதீர்கள். சாப்பிட்டுவிட்டுப் போங்கள், நேரமாகும்.