நீலகிரியில் பணியாற்ற விரும்பும் இளம் மருத்துவர் சிறப்புத்துறையைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

பயிற்சி மருத்துவர்களிடம் "மேற்படிப்புக்கு எந்தத் துறை?" என்று கேட்டால், எந்த ரேங்குக்கு எந்த இடம் கிடைக்கும் என்ற கவுன்சலிங் கணக்கே பெரும்பாலும் பதிலாக வரும். அந்தக் கணக்கு தேவைதான். ஆனால் மலையிலேயே தங்கிப் பணியாற்ற நினைப்பவர், எந்த மாதிரி மருத்துவமனையில் வேலை செய்யப் போகிறோம் என்பதை அதற்கு முன்பே முடிவு செய்துகொள்வது நல்லது.

படி 1: பணியிடத்தைத் தீர்மானியுங்கள்

உதகை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, குன்னூர், கூடலூர் போன்ற ஊர்களின் அரசு மருத்துவமனைகள், ஆரம்ப சுகாதார நிலையம், தொண்டு நிறுவன மருத்துவமனை, சொந்த கிளினிக் ஆகியவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். நோயாளிகளைவிட ஆய்வகமே பிடிக்கும் என்றால், நுண்ணுயிரியல் படித்தவர்களுக்கு 1907 முதல் இயங்கும் குன்னூர் பாஸ்டர் நிறுவனம் போன்ற இடங்களும் உண்டு.

படி 2: அந்தத் துறைக்கு யாருடைய துணை வேண்டும் என்று பாருங்கள்

எல்லாப் படிகளிலும் இதுவே முக்கியமானது என்பது என் கருத்து. கூடலூரில் நள்ளிரவில் ஒரு கர்ப்பிணிக்கு அவசர சிசேரியன் தேவைப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். மகப்பேறு மருத்துவர் எவ்வளவு கைதேர்ந்தவராக இருந்தாலும், மயக்க மருந்து கொடுப்பவரும், பிறந்தவுடன் அழாத குழந்தையைக் கவனிப்பவரும், பொருந்தும் ரத்தமும் இல்லாவிட்டால், அந்தத் தாயை 108 வண்டியில் ஏற்றி நடுவட்டம் வழியாக உதகைக்கு அனுப்புவதைத் தவிர அவருக்கு வேறு வழியில்லை. ஆகவே, திரைக்குப் பின்னால் நிற்கும் துறை என்று மாணவர்கள் ஒதுக்கும் மயக்கவியல்தான் ஒரு சிறிய மருத்துவமனையின் அறுவை அரங்கைத் திறந்து வைக்கிறது. குடும்ப மருத்துவமும் பொது மருத்துவமும் ஓரளவு தனித்து நிற்கக்கூடியவை. அடைபட்ட இதய ரத்தக்குழாயைத் திறக்கும் சிகிச்சைக்கோ கேத் லேப் (இதய ரத்தக்குழாய்களைப் படமெடுத்துச் சிகிச்சை தரும் தனி அரங்கு) வேண்டும். அதை விரும்புபவர் கோவை போன்ற பெருநகரத்தை மனதில் வைத்துத் திட்டமிடுவதே நேர்மையானது.

படி 3: வட்டாரத்தின் நோய்களை அறியுங்கள்

பணியர், குறும்பர், இருளர் முதலிய பழங்குடி மக்களிடையே, ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் வடிவில் வளையும் பரம்பரை நோயான அரிவாள் செல் சோகை காணப்படுகிறது. ஹைட்ராக்ஸியூரியா மாத்திரையைத் தொடர்ந்து கொடுத்து, ரத்த அணுக்களின் எண்ணிக்கையை அவ்வப்போது பார்த்து, வலி வரும்போதெல்லாம் கவனிக்க வேண்டிய ஆயுட்கால நோய் இது. ஒரே குடும்பத்தைப் பல ஆண்டுகள் பார்த்துவர விரும்புபவருக்குக் குழந்தை நலமும் பொது மருத்துவமும் பொருந்தும்.

படி 4: நேரில் சோதியுங்கள்

நீங்கள் விரும்பும் மருத்துவமனையில் அனுமதி பெற்றுச் சில இரவுப் பணிகளைக் கவனியுங்கள். வெளியே அனுப்பப்பட்ட நோயாளிகளின் பதிவேட்டைக் காட்டச் சொல்லுங்கள். எந்த நேரத்தில், என்ன காரணத்துக்காக அனுப்பினார்கள் என்று பார்த்தாலே, அங்கே எந்த மருத்துவர் இல்லை என்பது தெரிந்துவிடும்.

படி 5: படிப்புக்கான வழியைத் தேர்ந்தெடுங்கள்

எம்.டி., எம்.எஸ்., அவற்றுக்கு இணையாகத் தேசியத் தேர்வு வாரியம் வழங்கும் டி.என்.பி. ஆகியவற்றுக்கு, எய்ம்ஸ், ஜிப்மர் போன்ற தனித் தேர்வு நடத்தும் நிறுவனங்கள் தவிர, நீட் முதுநிலைத் தேர்வு எழுத வேண்டும். தமிழ்நாட்டில் மாநில ஒதுக்கீட்டு முதுநிலை இடங்களில் 50 விழுக்காடு அரசுப் பணியிலுள்ள மருத்துவர்களுக்கு உரியவை. எனவே முதலில் அரசுப் பணியில் சேருவதும் ஒரு வழி. ரேங்க் போதாதவர்கள், தேசியத் தேர்வு வாரியம் 2020-இல் தொடங்கிய இரண்டு ஆண்டு டிப்ளமோ படிப்புகளையும் பார்க்கலாம். மயக்கவியல், மகப்பேறு, குழந்தை நலம், குடும்ப மருத்துவம் ஆகிய நான்கும் அவற்றில் உள்ளன.