கார்க் கதவு ஸ்பீக்கர் மாற்றம்: பிழை விடுகிற இடங்கள்

புது ஸ்பீக்கர் பூட்டியவர்கள் அடிக்கடி சொல்லும் முறைப்பாடு ஒன்று உண்டு. “அண்ணை, பழசில இருந்த பேஸ் கூட இதில வரேல்லை.” கடைக்காரரிடம் போனால் அம்பிளிபயர் ஒன்று போடச் சொல்லுவார். கூட்டாளியைக் கேட்டால், கள்ளச் சாமானைத் தலையில கட்டிப்போட்டாங்கள் என்பார். இரண்டும் சிலவேளை சரிதான். ஆனால் பெரும்பாலும் குறை ஸ்பீக்கரில் இருப்பதில்லை, அது பூட்டப்பட்ட கதவில் இருக்கிறது. காசு முழுவதையும் ஸ்பீக்கரில் போட்டுவிட்டுக் கதவை அப்படியே விடுவதுதான் இந்த வேலையில் நடக்கிற முதற்பெரும் தவறு. மற்றவை எல்லாம் அதற்குப் பிறகுதான்.

மாற்றத்தான் வேண்டுமா என்றால், பல கார்களுக்கு வேண்டும். 2020 மார்ச்சில் நின்ற இலங்கையின் வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. அதனால் யாழ்ப்பாணத்து வீதிகளில் ஓடுகிற விட்ஸ், அக்ஸியோ, வாகன் ஆர், அல்ட்டோ பலவற்றுக்கு நல்ல வயது. அவற்றின் கதவுக்குள் இருக்கிற ஸ்பீக்கருக்கும் அதே வயதுதான். அதிர்ந்து சத்தம் எழுப்புகிற கூம்பான கோனைச் சுற்றியிருக்கும் ஃபோம் விளிம்பு வெக்கையிலும் ஈரத்திலும் உக்கி, விரல் பட்டாலே பொடியாகும். கடதாசிக் கோன் ஈரம் குடித்து ஊதியிருக்கும். ஆகவே புதிது வாங்கும்போது விளிம்பு றப்பரா, கோன் பொலிப்புறோப்பிலீனா என்று பாருங்கள். எங்கள் ஊர்க் காற்றுக்கு அவைதான் தாங்கும்.

பெட்டியில் உள்ள வாட் கணக்கு

பெட்டியில் 300 வாட், 500 வாட் என்று பெரிய எழுத்தில் இருக்கும். அந்த எண் உங்களுக்குத் தேவையில்லை. காரின் பாட்டுச் செற்றிலிருந்து உண்மையில் எவ்வளவு வருகிறது என்பதுதான் தேவை. என்ஜின் ஓடும்போது காரின் மின்னழுத்தம் ஏறத்தாழ 14.4 வோல்ட். அதை வைத்துக்கொண்டு செற்றுக்குள் சத்தத்தைப் பெருக்குகிற சிறிய சில்லு, அதாவது ஐசி, 4 ஓம் ஸ்பீக்கர் ஒன்றுக்குத் தெளிவாகக் கொடுக்கக்கூடியது கணக்குப்படி அதிகபட்சம் 26 வாட். இழப்புகள் போக 20க்குக் கிட்ட வந்தாலே நல்லது. செற்றின் முகப்பில் ‘50 வாட் x 4’ என்று எழுதியிருந்தாலும் சங்கதி இதுதான். அம்பிளிபயர் தனியாகப் பூட்டாதவரை பௌதிகம் அதற்கு மேல் விடாது.

ஆகவே பார்க்க வேண்டியது வேறு இரண்டு எண்கள். ஒன்று ஆர்எம்எஸ் வாட், அதாவது ஸ்பீக்கர் தொடர்ந்து தாங்கக்கூடிய வாட். மற்றது உணர்திறன், டெசிபெலில் எழுதியிருப்பார்கள். 87 டெசிபெல் ஸ்பீக்கரும் 90 டெசிபெல் ஸ்பீக்கரும் ஒரே அளவு சத்தம் போட வேண்டுமென்றால், முதலாவதற்கு இரண்டு மடங்கு வாட் கொடுக்க வேண்டும். பழைய செற்றோடே ஓடப்போகிறவர் உணர்திறன் கூடியதை எடுப்பதுதான் புத்தி. அதிலும் ஒரு சின்னத் தந்திரம் நடக்கும். சிலர் 1 வாட்டில் அளந்து எழுதுவார்கள், சிலர் 2.83 வோல்ட்டில். 4 ஓம் ஸ்பீக்கருக்கு 2.83 வோல்ட் என்றால் 2 வாட், அதனால் எண் 3 டெசிபெல் கூடித் தெரியும். ஒப்பிடும்போது இரண்டும் ஒரே அளவையா என்று பார்த்துவிட்டு ஒப்பிடுங்கள்.

ஓம் விடயத்தில் விளையாட வேண்டாம். கூடச் சத்தம் வேண்டுமென்று ஒரே வயரில் இரண்டு 4 ஓம் ஸ்பீக்கரைச் சமாந்தரமாகத் தொடுத்தால் செற்றுக்கு 2 ஓம் சுமை. அதற்கென்று செய்யப்படாத செற் சூடேறி அடங்கும், இல்லையேல் எரியும்.

அளவு

‘ஆறரை இஞ்சி’ என்று கேட்டு வாங்கி வந்து, துளைக்குப் பிடித்துப் பார்த்தால் ஸ்குரூ ஓட்டை ஒன்றும் பொருந்தாது. ஆறரை இஞ்சி என்பது பொதுப்பெயர்தான், சட்டத்தின் விட்டமும் ஓட்டைகளின் இடமும் கம்பனிக்குக் கம்பனி மாறும். அதைவிட ஆழம் முக்கியம். ஜப்பான் கார்கள் பலவற்றில் பழைய ஸ்பீக்கரின் பிளாஸ்ரிக் சட்டமே தடித்து, கோனை வெளியே தள்ளி வைத்திருக்கும். அதைக் கழற்றிவிட்டு மெல்லிய இரும்புச் சட்ட ஸ்பீக்கரை நேராகத் தகட்டில் பூட்டினால், காந்தம் உள்ளே போய்க் கண்ணாடியின் வழியில் நிற்கும். கடையில் நிற்கும்போது கண்ணாடி ஏறித்தான் இருக்கும், ஒன்றும் தெரியாது. வீட்டுக்குப் போகிற வழியில் கண்ணாடியை இறக்கும்போதுதான் கடகடக்கும். ஸ்குரூ இறுக்க முன்னமே கண்ணாடியை முழுதாக இறக்கிப் பார்க்க வேண்டும். ஸ்குரூவின் நீளத்தையும் அப்போதே பாருங்கள், நீண்ட ஸ்குரூ ஒன்றே கண்ணாடியில் கோடு கிழிக்கப் போதும்.

ஸ்பீக்கரை வெளியே தள்ளி வைக்க ஒரு வளையம் போட வேண்டும். இங்கே எம்டிஎஃப் பலகையில் வெட்டித் தருவார்கள், மலிவு. ஐப்பசி கார்த்திகை மழை இரண்டைக் கண்டால் அது ஈரம் குடித்துப் பொரிந்து, ஸ்குரூ பிடி விட்டுவிடும். பிளாஸ்ரிக் வளையம் நல்லது. பலகைதான் என்றால் நல்ல பிளைவுட் எடுத்து, வெட்டிய விளிம்பு உட்பட எல்லாப் பக்கமும் வார்னிஷோ பெயின்றோ அடித்துக் காயவிட்டுப் பூட்டுங்கள்.

வளையம் தேடுகிற சோம்பலில் கிரைண்டரைப் பிடித்துக் கதவுத் தகட்டை வெட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். வெட்டிய விளிம்பில் பெயின்ற் இல்லை, உள்ளே எப்போதும் ஈரம், வெளியே உப்புக் காற்று. பண்ணைப் பாலம் தாண்டித் தீவுப்பக்கம் நாளாந்தம் ஓடுகிற காருக்கு அது துருவைத் தாம்பூலம் வைத்து அழைப்பதுதான். பறக்கிற இரும்புத் தூளும் சும்மா போகாது, காந்தத்தின் இடுக்கில் போய் ஒட்டிக் கரகரக்கும்.

கதவைக் கவனியாமல் விடுவது

வீட்டு ஸ்பீக்கர் ஒன்றைப் பெட்டியிலிருந்து கழற்றி, வெறுமனே மேசையில் வைத்துப் பாட விட்டுப் பாருங்கள். குரல் கேட்கும், பேஸ் போய்விடும். கோன் முன்னே தள்ளும்போது பின்பக்கத்தில் எதிர் அலை எழுகிறது. இரண்டும் சந்தித்தால் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும், தாழ்ந்த சுருதியில் அது இன்னும் மோசம். பெட்டி இருப்பது அவற்றைப் பிரிக்கத்தான். காரில் அந்தப் பெட்டி கதவுதான். பழைய ஸ்பீக்கரைச் சுற்றிக் கம்பனிக்காரன் வைத்த ஃபோம் வளையம் இடைவெளியை அடைத்திருந்தது. கழற்றும்போது அது கிழிந்தது, புதியதைச் சுற்றி அரை விரல் இடைவெளி. பேஸ் எங்கே போனது என்று கேட்டால், அந்த இடைவெளியால்தான் போனது.

செய்ய வேண்டியது பெரிய செலவில்லாத வேலை. ஸ்பீக்கருக்கும் வளையத்துக்கும் நடுவே, வளையத்துக்கும் தகட்டுக்கும் நடுவே ஃபோம் நாடா ஒட்டுங்கள். ஸ்பீக்கரின் முகத்துக்கும், கதவின் உட்பக்க மூடியான பனலின் வலைக்கும் நடுவேயும் ஒரு ஃபோம் வளையம் வேண்டும், இல்லாவிட்டால் சத்தத்தில் ஒரு பங்கு பனலுக்குப் பின்னாலேயே சுற்றும். உள்தகட்டில் இருக்கிற பெரிய ஓட்டைகளை, ஒட்டும் றப்பர் போன்ற பியூட்டைல் தாளால் மூடலாம். வெளித்தகட்டின் உட்பக்கம், ஸ்பீக்கருக்கு நேர் பின்னால், ஒரு துண்டு ஒட்டினாலும் அதிர்வு குறையும்.

இதில் இரண்டு கவனங்கள். ஹாட்வெயாரில் கூரைக்கு விற்கிற தார்த் தாளை வாங்கி ஒட்டுகிறார்கள், மலிவாம். சித்திரை வெயிலில் நின்ற காரின் கதவுத் தகட்டில் கை வைத்துப் பாருங்கள், அந்தச் சூட்டில் தார் இளகி வழியும், மணம் காருக்குள் மாதக்கணக்கில் நிற்கும். மற்றது, கதவின் அடியில் உள்ள வடிகால் ஓட்டைகள். கண்ணாடி இறங்குகிற பிளவால் மழைநீர் கதவுக்குள் போவது பழுதல்ல, காரை வடிவமைத்த முறையே அப்படித்தான். உள்ளே போன நீர் அந்த ஓட்டைகளால் கீழே வடியும். சத்தத்துக்காக அவற்றையும் சேர்த்து அடைத்தவரின் கதவு, மாரியில் தண்ணீர்த் தாங்கி.

பனலுக்குப் பின்னால் கறுத்தப் பசையோடு ஒட்டியிருக்கும் பிளாஸ்ரிக் தாளும் இதே கதைதான். இடைஞ்சல் என்று கிழித்து எறிவார்கள். கதவுக்குள் வந்த நீர் காருக்குள் வராமல் தடுப்பது அந்தத் தாள்தான். மெல்ல உரித்து, வேலை முடிந்ததும் அதே பசையில் திரும்ப ஒட்டுங்கள். பசை காய்ந்திருந்தால் பியூட்டைல் நாடா போடுங்கள். செலோரேப் இங்கே வேலைக்காகாது.

கழற்றுவது பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கைப்பிடிக் கிண்ணத்துக்குள்ளும் கண்ணாடிச் சுவிச்சுக்குக் கீழேயும் மறைந்திருக்கும் ஸ்குரூக்களைக் கழற்றிய பிறகே இழுங்கள். இரும்பு ஸ்குரூட்ரைவரால் நெம்பாமல் பிளாஸ்ரிக் நெம்பியால் கிளிப்புக்குக் கிட்டவே நெம்புங்கள். எப்படியும் ஒன்றிரண்டு கிளிப் உடையும், உங்கள் காருக்கான கிளிப்பை முன்னமே வாங்கி வையுங்கள். சில கார்களில் எயார்பாக்குக்கான உணரி கதவுக்குள்ளேயே இருக்கும். பற்றரியைக் கழற்றிவிட்டு வேலை செய்யுங்கள், அந்த உணரியின் பிளக் கழன்றிருக்கும்போது சாவியைப் போட வேண்டாம். பற்றரி கழற்றிய பிறகு சில கார்களில் ஒரே தொடுகையில் ஏறும் கண்ணாடி வேலை செய்யாது. அது பழுதில்லை, சுவிச்சை முழுதாக ஏறும்வரை இழுத்துப் பிடித்துப் பழக்கினால் பெரும்பாலும் திரும்பி வரும்.

வயரும் நிறமும்

ஒரு ஸ்பீக்கரில் பிளஸ் மைனஸ் மாறினால் ஒன்று முன்னே தள்ளும்போது மற்றது பின்னே போகும். சத்தம் வரும், பேஸ் மெலியும், பாடகர் நடுவில் நிற்காமல் எங்கேயோ பரந்து நிற்பார். எரிவதும் இல்லை, புகைவதும் இல்லை, அதனால் வருடக்கணக்கில் இப்படியே ஓடுகிறவர்கள் உண்டு.

நிறத்தை நம்பி ஏமாறுவதுதான் காரணம். கறுப்பு என்றால் மைனஸ் என்று எல்லோரும் நினைப்பார்கள். டொயோட்டா பலவற்றில் பின் இடது ஸ்பீக்கருக்குக் கறுப்புத்தான் பிளஸ், மஞ்சள் மைனஸ். முன் இடதுக்கு ரோசா பிளஸ், ஊதா மைனஸ். வெளியில் வாங்குகிற செற்றிலோ ஊதா என்பது பின் வலது. 1.5 வோல்ட் பென்ரோர்ச் பற்றரியைக் கணநேரம் தொட்டுப் பாருங்கள், கோன் வெளியே வந்தால் பற்றரியின் பிளஸ் தொட்ட பக்கம்தான் பிளஸ். இதைச் செற்றிலிருந்து கழற்றிய வயரில்தான் செய்ய வேண்டும்.

இன்னொரு பழைய பழக்கம், ஒரு வயரைக் குறைத்து மைனஸைக் காரின் உடம்பில் தொடுப்பது. பழைய காலத்துச் செற்றுகள் சிலவற்றுக்கு அது சரியாக இருந்தது. இப்போதைய செற்றில் ஸ்பீக்கரின் இரண்டு வயரிலும் மின்னழுத்தம் இருக்கிறது, எதுவும் எர்த் இல்லை. உடம்பில் தொட்டால் ஐசி போகும்.

பொருத்துக்கு, காரின் பிளக்கை வெட்டாமல் அதற்கேற்ற இணைப்பு வயர் வாங்குங்கள். இங்கே கிடைக்காவிட்டால் கொழும்பு பஞ்சிகாவத்தைக்குப் போகிற யாரிடமாவது சொல்லிவிடலாம். முறுக்கி ரேப் சுற்றிய பொருத்து வெயிலில் பசை இளகி அவிழும், உப்பில் பச்சை பூக்கும். உலோகப் பொருத்தியை நெரித்து இறுக்கி (கிரிம்ப் செய்து), சூட்டில் சுருங்கும் குழாய் போடுங்கள்.

மூலையில் கம்பனி டுவீட்டர், அதாவது உயர்ந்த சுருதிக்கான சிறிய ஸ்பீக்கர், உள்ள கார் என்றால் இன்னொன்று. அது பல கார்களில் கதவு ஸ்பீக்கரின் வயரிலேயே ஒரு சிறிய கப்பாசிற்றரோடு தொங்கும். கதவில், நடுவிலேயே டுவீட்டர் உள்ள கோஆக்சியல் ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு அதையும் விட்டால் டுவீட்டர் இரண்டாகி, ‘ச’வும் ‘ஸ’வும் காதைக் குத்தும். பழையதைக் கழற்றுங்கள், அல்லது டுவீட்டர் தனியாக வரும் ஸ்பீக்கர் தொகுதியாக வாங்குங்கள்.

பனலை மூட முன்

பாட்டுப் போட்டுப் பாருங்கள், கண்ணாடி ஏற்றி இறக்குங்கள், லொக் போடுங்கள். பரிசோதனைக்கு றேடியோவை நம்ப வேண்டாம். ஜப்பானில் எஃப்எம் 76 இலிருந்து 90 மெகாஹேட்ஸ் வரைதான் இருந்தது, அதனால் மீள்சீரமைத்து வந்த கார்களில் எங்கள் நிலையங்களைப் பிடிக்க ஒரு மாற்றிப் பெட்டி பூட்டியிருப்பார்கள். அதன் இரைச்சலை ஸ்பீக்கரின் தலையில் போடுகிறார்கள். நன்றாகப் பழகிய பாட்டு ஒன்றைப் போனில் இறக்கி வைத்துப் போடுங்கள்.

செற்றில், தாழ்ந்த சுருதியை வடிகட்டுகிற ஹைபாஸ் அமைப்பு இருந்தால் 80 ஹேட்ஸில் வையுங்கள். 20 வாட்டை வைத்துக்கொண்டு கதவு ஸ்பீக்கரை அடிவயிற்று பேஸுக்குத் தள்ளினால் செற் திணறி அலையின் தலையை வெட்டும், முதலில் போவது டுவீட்டர். பேஸ் குமிழை உச்சிக்குத் திருப்பி வைப்பதும் அதே வேலைதான்.

வாடைக் காற்றோடு முதல் பெருமழை வந்த மறுநாள், கதவுப் பக்கத்து மிதியடியைத் தூக்கிக் கம்பளத்தில் கை வையுங்கள். ஈரமென்றால் உள்தாள் சரியாக ஒட்டவில்லை, பனலை மறுபடி கழற்ற வேண்டும்.