மலாவி ஏரிச் சிக்லிட்களுக்குக் கல் அடுக்கித் தொட்டி அமைக்கும் முறை

சந்தையில் கிலோக் கணக்கில் விற்கும் ஜிலேபி கெண்டையும், அதிர்ஷ்டம் தரும் என்று வரவேற்பறையில் வைக்கப்படும் பிளவர்ஹார்னும், ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியில் வாழும் மஞ்சள், நீல நிறச் சிறு மீன்களும் சிக்லிட் என்னும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. குடும்பம் ஒன்று என்பதற்காக அவற்றை ஒரே தொட்டியில் விட்டுவிட முடியாது. பிளவர்ஹார்னைத் தனியே வைப்பதுதான் நல்லது. ஆஸ்கர் என்னும் பெரிய சிக்லிட்டுக்கு இங்கே சொல்லப்போவதைவிடப் பெரிய தொட்டி தேவைப்படும். மலாவி ஏரியின் பாறைக் கரைகளில் வாழும் 'எம்புனா' வகைக்கான தொட்டியைப் பற்றி மட்டுமே இங்கு எழுதுகிறேன். அந்த ஏரிக்கரையில் வாழும் டோங்கா மக்களின் மொழியில் எம்புனா என்றால் பாறை மீன் என்று பொருள்.

பாறையில் படரும் பாசியையும் அதற்குள் வாழும் நுண்ணுயிர்களையும் சுரண்டித் தின்று, அதே பாறையின் இடுக்கை வீடாக்கிக்கொண்டு, அந்த இடுக்குக்காக மற்ற மீன்களோடு ஓயாமல் மல்லுக்கு நிற்பதே இவற்றின் வாழ்க்கை. ஆகவே இந்தத் தொட்டியில் கல் என்பது அலங்காரப் பொருள் அல்ல. கல்லை எப்படி அடுக்குகிறோம் என்பதைப் பொறுத்தே எத்தனை மீன்கள் அடிபடாமல் பிழைக்கும் என்பது அமையும்.

தொட்டி குறைந்தது நான்கடி நீளம் இருக்க வேண்டும். நான்கடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் கொண்ட தொட்டி ஏறத்தாழ 250 லிட்டர் கொள்ளும். உயரத்தைக் கூட்டுவதைவிட அகலத்தைக் கூட்டுவதே மீனுக்குப் பயன்படும். 10 மி.மீ. கண்ணாடியின் எடை, தண்ணீர், நாற்பது கிலோ கல் எல்லாம் சேர்ந்தால் மொத்தம் 350 கிலோவைத் தொடும் என்பதால், இரும்புச் சட்டத்தில் அமைந்த தாங்கியைச் சுவரோரமாக நிறுத்தி, கொத்தனார் பயன்படுத்தும் ரசமட்டத்தை வைத்து நான்கு பக்கமும் சரிபார்த்த பிறகே தொட்டியை ஏற்ற வேண்டும். தொட்டிக்கும் பலகைக்கும் இடையே அரை அங்குலத் தெர்மோகோல் அவசியம். ஜன்னல் வெயில் நேராக விழும் இடத்தைத் தவிர்க்கவும்.

தண்ணீர் விஷயத்தில் நம்மில் பலருக்கு ஓர் எதிர்பாராத வசதி உண்டு. மலாவி ஏரியின் நீர் காரத்தன்மை உடையது, அதன் பி.எச். அளவு ஏறத்தாழ 7.7 முதல் 8.6 வரை இருக்கும். வாளியில் வெள்ளைப் படிவத்தை விட்டுச்செல்லும் நம் வீட்டுப் போர் தண்ணீர் பெரும்பாலும் இதற்கு ஒத்துப்போகும். கடலோரத்தில் உப்பேறிய போர் தண்ணீருக்கு இது பொருந்தாது. ஆர்.ஓ. தண்ணீரை மட்டும் ஊற்றித் தொட்டியை நிரப்புவது இந்த மீன்களுக்குச் செய்யும் கெடுதல். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் அதற்கான மருந்தைக் கலந்த பிறகே ஊற்ற வேண்டும். காரத்தன்மை போதவில்லை என்றால், கோழித் தீவனக் கடையில் விற்கும் கிளிஞ்சல் துண்டுகளை வாங்கிக் கழுவி, ஒரு வலைப்பையில் கட்டிப் பில்டருக்குள் வைத்தால் போதும். பவளப்பாறைத் துண்டை யாராவது விற்க முன்வந்தால் வாங்க வேண்டாம். கடினப் பவளங்கள் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் காக்கப்படுபவை.

இனி கல். உருண்டையான ஆற்றுக் கற்களும், கூர்முனையைத் தட்டி மழுக்கிய கருங்கல்லும் நன்றாகப் பொருந்தும். ஒரு கல்லில் சில சொட்டு வினிகரை விட்டால் நுரை வருமானால் அதில் சுண்ணாம்பு இருக்கிறது என்று அறியலாம். வேறு மீன்களுக்கான தொட்டியில் ஒதுக்க வேண்டிய அந்தக் கல்லை இங்கே தாராளமாகச் சேர்க்கலாம். துருப்போன்ற உலோகக் கோடுகள் ஓடும் கல்லை மட்டும் விட்டுவிடவும். கற்களைச் சோப்பு இல்லாமல் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவினால் போதும். அடுப்பில் வைத்துக் கொதிக்கவிடுவது ஆபத்து, உள்ளே ஈரம் தங்கிய கல் வெடிக்கக்கூடும்.

மணலைப் பரப்பும் முன்பே கல்லை அடுக்க வேண்டும் என்பதே இந்த வேலையின் முதல் விதி. என் முதல் தொட்டியில் அழகாக மணலைப் பரப்பி, அதன் மேல் கல் கோபுரம் கட்டினேன். மீன்கள் வாய் வாயாக மணலை அள்ளி வெளியே துப்பியதில் பத்தே நாளில் அடிக்கல்லின் ஒரு பக்கம் பள்ளமாகி, ஓர் இரவில் 'டக்' என்ற ஓசையோடு மேல்கல் முன்கண்ணாடியில் சாய்ந்து நின்றது. கண்ணாடி தப்பியது என் நல்ல காலம். தொட்டியின் அடிக்கண்ணாடி மீது மெல்லிய தெர்மோகோல் அல்லது பிளாஸ்டிக் தாளை விரித்து, பெரிய கற்களை நேரடியாக அதன் மேல் அமர்த்தி, ஒவ்வொரு மேல்கல்லும் குறைந்தது மூன்று இடங்களில் ஊன்றி நிற்குமாறு அடுக்கவும். அடுக்கி முடித்ததும் உள்ளங்கையால் அழுத்தி ஆட்டிப் பாருங்கள். சிறிதும் அசையக் கூடாது. மணல் அதற்குப் பின்னரே, கற்களைச் சுற்றி, இரண்டு அங்குல உயரத்துக்கு.

குகை ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாசல் இருக்கட்டும். துரத்தப்படும் மீன் ஒற்றை வாசல் குகைக்குள் நுழைந்தால், துரத்துவது வாசலிலேயே காவல் நின்றுவிடும். உள்ளே போனது செதில் உதிர்ந்து, வால் கிழிந்துதான் வெளியே வரும். கற்குவியலைத் தொட்டியின் மூன்றில் இரண்டு பங்கு உயரம் வரை எழுப்பி, இடப்பக்கம் ஒன்றும் வலப்பக்கம் ஒன்றுமாக இரண்டு குன்றுகளாகப் பிரித்து, நடுவில் வெறும் மணல்வெளியை விட்டால், ஒரு குன்றின் தலைவன் மறு குன்றைப் பார்ப்பது குறையும்.

சிக்லிட்கள் மணலை வாயில் போட்டுச் சலித்துத் துப்புவதால், கூர்மையான எம்-சாண்ட் வேண்டாம். நீர் வடிகட்டிக்கென விற்கும் பில்டர் மணல் ஏற்றது. பின்கண்ணாடியின் வெளிப்புறம் கறுப்புப் பெயின்ட் பூசினால் மீனின் நிறம் எடுப்பாகத் தெரியும். செடிகளில் அனுபியாஸ் மட்டும் ஓரளவு தாக்குப்பிடிக்கும்; மற்றவை பெரும்பாலும் தீனியாகிவிடும். பிளாஸ்டிக் கோட்டையும் குமிழ் விடும் முத்துச்சிப்பியும் என் பார்வையில் கல்லின் அழகைக் கெடுப்பவை. கல்லில் பச்சைப்பாசி படர்ந்தால் தேய்த்து எடுக்காதீர்கள். மீன்களே அதை மேயும்.

பில்டர் ஒரு மணி நேரத்தில் தொட்டித் தண்ணீரைப் போல எட்டு மடங்காவது சுழற்ற வேண்டும். கல்லும் மணலும் அமைந்தவுடன் மீனை விட்டுவிடத் தோன்றும், பொறுக்கவும். மீன் கழிவிலிருந்து வரும் அமோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் பில்டரில் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். காரத்தன்மை கூடிய நீரில் அமோனியாவின் நச்சு மேலும் கடுமையாகும் என்பதால், மற்ற தொட்டிகளில் தப்பித்துக்கொள்ளும் அவசரம் இங்கே உயிரைப் பறித்துவிடும். தினமும் ஒரு சிட்டிகைத் தீவனத்தைப் போட்டு வெறும் தொட்டியை ஓட்டி, சோதனைக் குப்பியில் அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டும்வரை காத்திருக்கவும். சமவெளியில் ஹீட்டருக்குப் பெரும்பாலும் வேலை இல்லை. கோடையில் தண்ணீர் 30 பாகையைத் தாண்டினால் மேலே ஒரு சிறு மின்விசிறி போதும். மின்வெட்டுக்கு பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்ப் ஒன்றைக் கைவசம் வைத்துக்கொள்ளுங்கள்.

சென்னைக் கொளத்தூர் போன்ற சந்தைகளில் வாங்கும்போது 'கலந்த ஆப்பிரிக்கச் சிக்லிட்' என்ற பெயரில் விற்பதைத் தவிர்த்து, பெயர் தெரிந்த வகைகளைக் கேளுங்கள். முதல் தொட்டிக்கு எல்லோ லேப், ரஸ்டி ஆகிய இரண்டும் சாந்தமானவை. அவுராட்டஸ், கென்யி ஆகியவற்றின் ஆண்கள் மூர்க்கமானவை. மேற்சொன்ன அளவுக்குப் பதினைந்து குஞ்சுகள் விடலாம். இரண்டு மீன் மட்டும் விட்டால் வலியது மெலியதைக் கொன்றுவிடும். கூட்டமாக இருந்தால் அடி பங்கிட்டுக்கொள்ளப்படும். ஓர் ஆணுக்கு மூன்று பெண் என்ற கணக்கு நல்லது. பிறகு புதிய மீனைச் சேர்க்கும்போது கற்களில் சிலவற்றை இடம் மாற்றினால், பழைய மீன்களும் தம் எல்லையை முதலிலிருந்து பிடிக்க வேண்டியிருப்பதால் புதியதைத் துரத்த அவற்றுக்கு நேரம் இருக்காது.

உணவாக ஸ்பைருலினா என்னும் பாசி கலந்த தீவனம் கொடுக்கவும். புழுவும் இறைச்சியும் தொடர்ந்து கொடுத்தால் பாசி தின்னும் இவற்றின் நீண்ட குடலுக்கு ஒவ்வாமல் வயிறு உப்பி இறக்கும். வாரம் ஒருமுறை கால் பங்குத் தண்ணீரை மாற்றவும்.

சில மாதங்களில் ஒரு பெண் மீன் தீவனத்துக்கு வராமல், தாடை உப்பி, எதையோ மெல்லுவதுபோல் வாயை அசைத்தபடி ஓர் இடுக்கில் ஒதுங்கி நிற்பதைக் காணலாம். அது நோய் அன்று. முட்டைகளை வாயில் வைத்து மூன்று வாரம் அளவுக்கு அடைகாக்கிறது. வெளிவரும் குஞ்சுகளைப் பெரிய மீன்கள் தேடித் தின்னும். ஆகவே தொட்டியின் ஒரு மூலையில், பெரிய மீனின் தலை நுழையாத அளவுக்கு, எலுமிச்சம்பழப் பருமனுள்ள கூழாங்கற்களை இப்போதே குவித்து வைத்துவிடுங்கள்.