ஒற்றை நாற்காலி பல் கிளினிக்: அப்பாயின்ட்மென்ட் நோட்டை லாபம் வரும்படி போடுவது எப்படி?

மாலை ஏழு மணிக்கு வரவேற்பறையில் பத்துப் பேர். காலை பதினொன்றுக்கு நாற்காலி காலி. இப்படி இருந்தால் கட்டணத்தை ஏற்றுவதற்கு முன் அப்பாயின்ட்மென்ட் நோட்டைச் சரிசெய்யுங்கள்.

படி 1: அளந்து பாருங்கள்

இரண்டு வாரம், ஒவ்வொருவரும் நாற்காலியில் உட்கார்ந்த நேரத்தையும் எழுந்த நேரத்தையும் குறியுங்கள். துடைத்து, ட்ரே மாற்ற ஆகும் பத்து நிமிடத்தையும் சேர்க்க வேண்டும். கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கு ஊசி போட்டால் மரத்துப்போகவே சில நிமிடம் பிடிக்கும். அரை மணி என்று எழுதிய பல் எடுப்பு முக்கால் மணி இழுப்பது பெரும்பாலும் இதை மறப்பதால்தான்.

படி 2: கட்டம் போடுங்கள்

ஒரு கட்டம் 15 நிமிடம். தொடக்கத்துக்குப் பல் சுத்தம் செய்ய 2, அடைக்க 3, ரூட் கேனலில் ஒரு சிட்டிங்குக்கு 4 என்று வையுங்கள். பிறகு உங்கள் அளவு என்ன சொல்கிறதோ அதன்படி மாற்றுங்கள்.

படி 3: நாற்காலியின் ஒரு மணி நேரச் செலவு

பலரும் தவறுவது இங்கேதான். வாடகை, சம்பளம், கரன்ட், கடன் தவணை, இவற்றோடு டாக்டரின் சொந்தச் சம்பளம். கடைசியானதை விட்டுவிட்டால் கணக்கே பொய். உதாரணத்துக்கு மாதம் 1,20,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நாற்காலி 90 மணி நேரம்தான் ஓடுகிறது என்றால் மணிக்குச் சுமார் 1,333 ரூபாய். மூன்று சிட்டிங்கில் மூன்று மணி நேரம் பிடிக்கும் ரூட் கேனலுக்கு நாற்காலிச் செலவு 4,000, பொருட்செலவு 500. வாங்கும் கட்டணம் 4,000 என்றால் 500 நஷ்டம். அதே நாற்காலி 120 மணி நேரம் ஓடினால் மணிக்கு 1,000 ரூபாய். அதே கட்டணத்தில் 500 மிஞ்சும்.

இதைப் பார்த்துவிட்டு எல்லா ரூட் கேனலையும் ஒரே சிட்டிங்கில் முடிக்கக் கிளம்பிவிடக் கூடாது. எத்தனை சிட்டிங் என்பதைச் சீழும் வீக்கமும் பல்லின் நிலையுமே முடிவு செய்ய வேண்டும், நோட்டு அல்ல.

படி 4: எந்த வேலை எப்போது

நீண்ட வேலைகள் காலையில். சர்க்கரை நோயாளிகளுக்கும் காலைதான் நல்லது. சாப்பிட்டு, வழக்கமான மாத்திரையும் போட்டுக்கொண்டு வரச் சொல்லுங்கள். சிறு குழந்தைகளும் மாலையில் களைத்துப்போய் அடம்பிடிப்பார்கள். தையல் பிரிப்பது, பரிசோதனை, பல் சுத்தம் எல்லாம் மாலைக்கு. வலியோடு திடீரென வருபவர்களுக்குக் காலையும் மாலையும் இரண்டிரண்டு கட்டம் காலியாக இருக்கட்டும். அந்த நேரத்தில் வலியை மட்டும் தணியுங்கள். முழுச் சிகிச்சைக்குத் தனி நாள்.

படி 5: செட்டும் லேபும்

கருவிகளை நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் 121 டிகிரியில் 15 நிமிடம் என்பது சூடு ஏறிய பின் வரும் கணக்கு. சூடேறி, காய்ந்து, ஆறி வெளியே எடுக்க முக்கால் மணிக்கு மேல் ஆகலாம். பல் எடுக்கும் கருவி செட் மூன்றுதான் இருக்கிறது என்றால் நான்காவது ஆளை அடுத்தடுத்துப் போடாதீர்கள். செட் வரும்வரை காத்திருப்பதே வழி, அவசரத்தில் சுழற்சியைக் குறைக்கவே கூடாது. பல்லின் மேல் கேப் (உறை) மாட்டுவதற்கு, அதைச் செய்து தரும் லேபிலிருந்து அது கைக்கு வந்த பிறகே நாள் சொல்லுங்கள்.

படி 6: வராமல் போகிறவர்கள்

முந்தைய நாள் மாலை வாட்ஸ்அப் மட்டும் போதாது, ஒரு மணி நேர வேலைகளுக்குப் போன் செய்து கேளுங்கள். முகூர்த்த நாட்களை நோட்டில் முன்பே குறித்து வைத்தால் பாதித் தொல்லை குறையும். கடைசிப் பக்கத்தில், கூப்பிட்டால் அரை மணியில் வரக்கூடிய பக்கத்துத் தெருக்காரர்களின் பட்டியல் ஒன்று இருக்கட்டும். யாராவது வராவிட்டால் முதல் போன் அவர்களுக்கு.