குடும்ப வேர் தேடுற குழுவுக்கு மெயில் லிஸ்ட்டா ஃபோரமா, எப்படி முடிவு பண்றது

தென்னாப்பிரிக்காவுல டர்பன் பக்கம் இப்போ நிறைய பேர் நம்ம தாத்தாவோட தாத்தா எந்த ஊர்ல இருந்து கப்பல் ஏறினாருன்னு தேட ஆரம்பிச்சிருக்காங்க, ரொம்ப நல்ல விஷயம். ஆனா அதுக்குன்னு தொடங்குற வாட்ஸாப் குரூப் கொஞ்ச நாள்லயே குட்மார்னிங் படமும் கோயில் நோட்டீஸுமா ஆயிடுது, யாரோ பாடுபட்டு எடுத்துப் போட்ட கப்பல் லிஸ்ட் போட்டோ எங்கயோ மேல போயிடுது. இந்த வேலைக்கு மெயில் லிஸ்ட் (ஒரு முகவரிக்கு அனுப்பினா எல்லா உறுப்பினருக்கும் போற மெயில்) இல்லன்னா ஃபோரம் (தலைப்பு வாரியா கேள்வி பதில் எழுதுற சைட்) தான் சரிப்படும்.

எதுன்னு முடிவு பண்ண முதல்ல குழுல யார் யார் இருக்காங்கன்னு பாருங்க. பழைய கதை தெரிஞ்சவங்க எல்லாம் வயசான ஆயா, தாத்தா, அங்கிள், ஆண்ட்டிங்க, அவங்க ஒரு சைட்டுக்குப் போய் பாஸ்வேர்ட் போட்டு உள்ள நுழைஞ்சு பதில் எழுதுவாங்கன்னு எதிர்பாக்காதீங்க. மெயில்னா அவங்க பாக்குற இடத்துக்கே வந்துடும், ரிப்ளை அமுக்கினா போதும். போன்ல இறங்கின மெயில லோட்ஷெட்டிங்ல கரண்ட் இல்லாத நேரத்துல டவர் போனாக்கூட படிக்கலாம். இன்னொண்ணு, ஒவ்வொருத்தர் பெட்டிலயும் ஒரு காப்பி இருக்கும். யாஹூ குரூப்ஸ்ங்கற மெயில் லிஸ்ட் சேவைய 2020 டிசம்பர்ல மூடினாங்க, அதுக்கு முன்னாடியே பழைய பதிவெல்லாம் அழிச்சிட்டாங்க, அப்போ மெயில அழிக்காம வச்சிருந்தவங்ககிட்டதான் பழைய பேச்சு மிஞ்சிச்சு.

ஃபோரத்தோட பலம் வேற. 1860 நவம்பர் 16 அன்னிக்கு ட்ரூரோ கப்பல் வந்ததுல இருந்து 1911 வரைக்கும் ஒரு லட்சத்து ஐம்பதாயிரம் பேருக்கு மேல டர்பன் இருக்கற நேட்டாலுக்கு இந்தியாவுல இருந்து ஒப்பந்தக் கூலியா வந்திருக்காங்க, ஒவ்வொருத்தருக்கும் கொலோனியல் நம்பர்னு ஒரு பதிவு எண் உண்டு. கப்பல் லிஸ்ட்ல பேர், அப்பா பேர், வயசு, ஜில்லா, கிராமம் எல்லாம் எழுதியிருப்பாங்க. இன்னிக்கு நீங்க கேட்ட கேள்விக்கு நாலு வருஷம் கழிச்சு சேர்ற ஒருத்தர்கிட்ட பதில் இருக்கலாம். ஃபோரம்னா அவர் அந்தக் கேள்விக்குக் கீழயே எழுதுவார், அது மேல வந்துடும். மெயில் லிஸ்ட்ல அவர் சேர்றதுக்கு முன்னாடி போன மெயில் அவர் பெட்டில இருக்காது, ஆர்க்கைவ்ல, அதாவது பழைய மெயில் சேர்த்து வச்சிருக்கற பக்கத்துல போய்த் தேடணும். தப்பு நம்பர் போட்டுட்டா ஃபோரத்துல திருத்தலாம், அனுப்பின மெயில திருத்த முடியாது.

ஆனா சொந்தமா ஃபோரம் வச்சா டொமைன் காசு கட்டணும், ஸ்பாம் துடைக்கணும், பேக்கப் எடுக்கணும், இதுக்கெல்லாம் ஒரு ஆள் வருஷக்கணக்கா நிக்கணும். அப்படி ஆள் இல்லன்னா தொடங்காதீங்க.

என் கருத்து, சின்ன குழுன்னா கூகுள் குரூப்ஸ்ல மெயில் லிஸ்ட்டா ஆரம்பிங்க. ஓனர் குறைஞ்சது ரெண்டு பேர் வைங்க. பதில் மொத்த குழுவுக்கும் போற மாதிரி செட் பண்ணுங்க, ஒருத்தர் பேச்சுலதான் இன்னொருத்தருக்கு துப்பு கிடைக்கும். மெயில் ஜாஸ்தியா வருதுன்னு முனகுறவங்கள டைஜஸ்ட்டுக்கு (பல மெயில ஒண்ணா சேர்த்து அனுப்புற முறை) மாத்தி விடுங்க, லிஸ்ட்ட விட்டுப் போக மாட்டாங்க. ஆர்க்கைவ் உறுப்பினர்களுக்கு மட்டும் தெரியட்டும், போப்பியாங்கற தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் இங்க 2021 ஜூலைல இருந்து முழுசா நடைமுறைல இருக்கு, அதனால கேக்காம யாரையும் சேர்க்காதீங்க, உயிரோட இருக்கறவங்க ஐடி நம்பர் எதையும் போட விடாதீங்க.

முக்கியமா, சப்ஜெக்ட் லைன்ல கொலோனியல் நம்பர், கப்பல் பேர், வருஷம் மூணும் போடச் சொல்லுங்க. அந்தக் காலத்து கிளார்க் காதுல விழுந்தபடி பேர் எழுதிட்டார், முனுசாமி மூன்சாமி ஆயிடுச்சு, கோவிந்தசாமி கோவிந்தன்னு நின்னுடுச்சு, அதனால உங்களுக்குத் தெரிஞ்ச எல்லா ஸ்பெல்லிங்கையும் மெயிலுக்கு அடியில எழுதிடுங்க, இல்லன்னா தேடுறவங்களுக்கு சிக்கவே சிக்காது. இதே பழக்கம் ஃபோரத்துக்கும் பொருந்தும்.

ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வர ஆரம்பிச்சா ஃபோரத்துக்கு மாறுற நேரம் வந்துடுச்சு. டிஸ்கோர்ஸ் மாதிரி ஒரு ஃபோரம் மென்பொருள் எடுங்க, அதுல மெயில்லயே படிச்சு மெயில்லயே பதில் போடுற மாதிரி அமைக்கலாம், பெரியவங்களுக்கு எதுவும் மாறாது. பழைய லிஸ்ட்ட மூடிடாதீங்க, புதுசா எழுத முடியாதபடி மட்டும் பண்ணிட்டு படிக்கத் திறந்து வைங்க.