ரெண்டாவது காபி கடை போடறீங்களா? மொதல்ல வஸ்தாதோட கையை அளந்துக்கோங்க

கடை நெம்ப நல்லா ஓடுதுங்ண்ணா, அடுத்து பொள்ளாச்சில ஒண்ணு சூலூர்ல ஒண்ணு போட்ரலாம்னு இருக்கேன், என்ன பண்ணட்டும்னு மாசத்துக்கு ஒருத்தராவது நம்மகிட்ட வந்து கேக்கறாங்க. நானும் அப்படித்தான் கோயமுத்தூர்ல ஒரு கடை நல்லா போகுதேன்னு பல்லடத்துல ரெண்டாவது போட்டு ஆறு மாசம் கையைச் சுட்டுகிட்டவன், அதனால தெரிஞ்சதைச் சொல்றேன், கேட்டுக்கோங்க.

வஸ்தாதுன்னு ஒரு வார்த்தை இருக்குதுங்களே, அது உஸ்தாத்ங்கறது தமிழ்ல வந்து இப்படி ஆனது. அந்தக் காலத்துல குஸ்தி, சிலம்பம் சொல்லித் தர்ற வாத்தியாரைத்தான் அப்படிக் கூப்டுவாங்க, இப்ப எந்த வேலைல கில்லாடியா இருந்தாலும் வஸ்தாதுதான். அதையே நம்மூர்க்காரங்க "ஓ... பெரிய வஸ்தாதுங்களாக்கும்"னு இழுத்துச் சொன்னா ஆளுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு அர்த்தம். காபி மாஸ்டர் தேடப் போனீங்கன்னா இந்த ரெண்டு வகையும் உங்ககிட்ட வருவாங்க.

எப்படிப் பிரிச்சுப் பாக்கறதுன்னா, வாய் வஸ்தாது வந்ததும் எந்த எஸ்டேட் கொட்டை, பீபெரி ரகம் எவ்வளவு பிளான்டேஷன் ஏ ரகம் எவ்வளவுன்னு அரை மணி நேரம் பேசுவாப்ல. கை வஸ்தாது கேக்கற மொதக் கேள்வியே "தண்ணி எங்கிருந்துங்க வருது?". காலைல ஆறு மணிக்கு ஒரு காபி, பதினோரு மணிக்கு ஒண்ணு, பொழுதோட ஒண்ணு போடச் சொல்லிக் குடிச்சுப் பாருங்க, மூணும் ஒரே மாதிரி இருந்தா ஆளை விட்றாதீங்க. மத்தியானம் மிஞ்சுன டிகாஷனை என்ன பண்ணுவீங்கன்னும் கேளுங்க, சுட வெச்சு ஊத்திக்கலாம்ங்கன்னு சொன்னா ஒரு காபி குடுத்து மரியாதையா அனுப்பி வெச்சுருங்க.

இப்பத்தான் முக்கியமான வேலை. நல்ல வஸ்தாது கெடச்சாருன்னா உங்க கடை ருசி மொத்தமும் அவர் கைல இருக்குது, உங்ககிட்ட ஒண்ணுமே இல்லைங்க. எனக்கு இது எப்பத் தெரிஞ்சுதுன்னா, எங்க மாஸ்டரண்ணன் தங்கச்சி புள்ளைக்கு சீர்னு பத்து நாள் ஊருக்குப் போயிட்டாரு, அவர்கிட்டயே ரெண்டு வருசம் நின்ன பையன்தான் போட்டான், மூணாவது நாளே டெய்லி வர்ற பெரியவர் ஒருத்தர் டம்ளரை பாதில வெச்சுட்டு "ஏனுங் தம்பி, கடைய வித்துட்டீங்களா"ங்கறாரு.

அதனால ரெண்டாவது கடைக்கு அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடி ஒரு வாரம் தராசும் அளவு ஜாடியும் வெச்சுகிட்டு மாஸ்டர் பக்கத்துல நில்லுங்க. அவர் ஒரு கை தூள் போடறாருன்னா அது எத்தனை கிராம், தண்ணி கொதிச்சு எவ்வளவு நேரம் கழிச்சு ஊத்தறாரு, டிகாஷன் இறங்க எத்தனை நிமிசம், எல்லாம் எழுதுங்க. எங்க கணக்கு அரை கிலோ தூளுக்கு ரெண்டரை லிட்டர் தண்ணி, அதுல ஒரு லிட்டர் கிட்ட தூளே குடிச்சுக்கும், ஒண்ணரை லிட்டர் டிகாஷன் இறங்கும். டம்ளருக்கு 35 மில்லின்னா 42 காபி, அதையே பல்லடத்துப் பையன் கண்ணளவுல 45 மில்லி ஊத்துனான், 33 காபிதான் வந்துச்சு. ஒவ்வொரு ஃபில்டருக்கும் ஒன்பது காபி போச்சுங்க, கசப்புன்னு திட்டு வேற.

இதை மாஸ்டர்கிட்ட எப்படிச் சொல்றீங்கங்கறது இன்னும் முக்கியம். "உங்களை அளக்கறேன்"ங்கற மாதிரி பட்டுச்சுன்னா மனுசன் அடுத்த வாரமே எதுத்த கடைல நிப்பாரு. "அண்ணா, ரெண்டு கடைலயும் உங்க காபிதான் ஓடோணும், உங்களுக்கு அதுல ஒரு பங்கு தர்றேன், பசங்களுக்கு நீங்கதான் சொல்லித் தரோணும்"னு கேளுங்க. சும்மா வாயில சொல்லாம பங்கை எழுதியும் குடுங்க.

இது நம்மளை மாதிரி சின்னக் கடைக்குத்தான்னு நெனைச்சுக்காதீங்க, ஸ்டார்பக்ஸே இதுல மாட்டுன கதை இருக்குது. 1971ல சியாட்டில்ல மூணு பேர் சேந்து ஆரம்பிச்சப்ப அது வெறும் கொட்டையும் தூளும் விக்கற கடை, கொட்டை வறுக்கறதை அவங்களுக்குச் சொல்லிக் குடுத்தது ஆல்ஃப்ரெட் பீட்னு ஒரு வஸ்தாது. 1982ல ஹோவர்ட் ஷூல்ட்ஸ் வேலைக்குச் சேந்தாரு, அடுத்த வருசம் இத்தாலில மிலான் போனப்ப அங்க கடைக்காரன் கையால காபி போட்டு ஆள்கிட்ட பேசிகிட்டே குடுக்கறதைப் பாத்துட்டு வந்து நாமளும் இப்படிப் பண்ணலாம்னாரு, முதலாளிங்க பெருசா புடி குடுக்கலை. 1986ல தனியாக் கடை போட்டு, 1987ல ஸ்டார்பக்ஸையே 38 லட்சம் டாலருக்கு வாங்கிட்டாரு. அதுக்கப்பறம் ஊரெல்லாம் கடைதான். வேகமாப் போடணும்னு ஆட்டோமேட்டிக் மிசினை வெச்சாங்க, அது ஒசரமா இருந்ததால காபி போடறவன் மூஞ்சியே தெரியலை, கொட்டை காத்துப் புகாத பாக்கெட்ல வந்ததால கடைல வாசமும் போச்சு. இதை 2007ல ஷூல்ட்ஸே எழுதிப் பொலம்புனாரு. 2008 பிப்ரவரி 26ஆம் தேதி சாயங்காலம் அமெரிக்காவுல சுமார் 7,100 கடைய ஒரே நேரத்துல சாத்திட்டு எல்லாருக்கும் எஸ்பிரெசோ போடறதை மறுபடியும் மொதல்ல இருந்து சொல்லிக் குடுத்தாங்க. அந்த வருசமே ஆஸ்திரேலியாவுல இருந்த 84 கடைல 61 மூடுனாங்க. அங்க தெருவுக்குத் தெரு நல்ல காபி போடறவன் ஏற்கனவே இருந்தான்ல.

நம்ம சேலம் கோவை ரோட்டையே பாருங்க, கும்பகோணம் டிகிரி காபின்னு எத்தனை போர்டு, எத்தனை பித்தளை டபரா, ருசி மட்டும் கடைக்குக் கடை வேற. போர்டை எவன் வேணாலும் எழுதிக்கலாம்ங்க, கைப்பக்குவம் அப்படி வராது.

சரி, தண்ணிக்கு வர்றேன். கோயமுத்தூர்க் கடைல சிறுவாணித் தண்ணி, பல்லடத்துல போர் தண்ணி, அதே தூள் அதே பால், மாஸ்டரண்ணனே வந்து போட்டும் காபி சப்புன்னு இருந்துச்சு. உப்புத்தண்ணில இருக்கற காரத்தன்மை உள்ள உப்பு காபியோட புளிப்பை அமுக்கிரும், அதான் உயிரே இல்லாம இருக்கும். ஃபில்டர் மிசினோ கேன் தண்ணியோ, செலவைப் பாக்காம மொதல்லயே முடிவு பண்ணுங்க. கடை புடிக்கப் போறப்பவே ஒரு பாட்டில் தண்ணி புடிச்சுட்டு வந்து வீட்ல காபி போட்டுப் பாத்தீங்கன்னா இன்னும் நல்லது, நான் பண்ணலை.

பால் ரெண்டு கடைக்கும் ஒரே எடத்துல இருந்து வரட்டும். கறவைப் பால்னா சீசனுக்குத் தக்கன மாறும், லாக்டோமீட்டர் போட்டுப் பாத்தாலும் அது தண்ணி கலந்ததைக் காட்டுமே ஒழிய கொழுப்பைச் சரியாச் சொல்லாது, அதைப் பாத்துச் சொல்ல ஆள் இல்லைன்னா 4.5 சதவீதம் கொழுப்பு இருக்கற ஆவின் பச்சைப் பாக்கெட்டே போதும். சிக்கரி 20 சதவீதமோ 30 சதவீதமோ உங்க இஷ்டம், ஆனா ரெண்டு கடைலயும் ஒண்ணாத்தான் இருக்கோணும், தூளை ஒரே எடத்துல அரைச்சு அனுப்புங்க.

தொறக்கறன்னிக்கு சொந்தபந்தம் ஒறம்பறையைக் கூப்புடுங்க, வேண்டாம்னு சொல்லலை, ஆனா அவங்க சொல்ற ருசியைக் கணக்குல எடுத்துக்காதீங்க, எல்லாரும் அருமைன்னுதான் சொல்லுவாங்க. பழைய கடைல டெய்லி நொட்டை சொல்றவர் ஒருத்தர் இருப்பாருல்ல, அவரைக் கார் வெச்சுக் கூட்டிட்டுப் போங்க. நான் அந்த டம்ளர் வெச்ச பெரியவரைத்தான் கூட்டிட்டுப் போனேன், தண்ணி மாத்துனதுக்கப்பறம். முழுசும் குடிச்சுட்டு, "சக்கரை ஒரு பொட்டு ஜாஸ்திங் தம்பி"ன்னாரு.