பிள்ளைகள் பன்னிரண்டு, கோத்திரம் பதின்மூன்றா? யாக்கோபின் வம்ச அட்டவணை போடும் விதம்

வேதப்போட்டித் தாள் திருத்தும்போது ஒரு தடவை நன்றாக மாட்டிக்கொண்டேன். ‘இஸ்ரவேலின் பன்னிரண்டு கோத்திரங்களின் பெயர்களை எழுதுக’ என்பது கேள்வி. இஸ்ரவேல் என்பது யாக்கோபின் இன்னொரு பெயர், அவருடைய பிள்ளைகளின் வம்சங்கள்தான் இந்தக் கோத்திரங்கள். ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் லேவியையும் யோசேப்பையும் விட்டுவிட்டு எப்பிராயீம், மனாசே என்று எழுதியிருந்தான். சிவப்பு மையில் இரண்டு பெருக்கல் குறி போட்டு, 12க்கு 10 கொடுத்துவிட்டேன். பையன் சண்டை போடவில்லை. வேதாகமத்தில் எண்ணாகமம் முதல் அதிகாரத்தை விரித்து என் மேசைமேல் வைத்துவிட்டுத் தன் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டான். அவன் எழுதியதுதான் அங்கே அச்சில் இருந்தது. இருபது வருஷமாக ஓய்வுநாள் பள்ளியில் பாடம் எடுக்கிறவள் நான். மதிப்பெண்ணைத் திருத்தினேன், பாடம் நடத்தும் விதத்தையும் மாற்றிக்கொண்டேன்.

பழைய மாதக் காலண்டர் தாள் ஒன்றை எடுத்துப் பின்பக்கம் திருப்புங்கள். நாலு நிற ஸ்கெட்ச் பேனாவும் ஒரு பென்சிலும் போதும்.

முதலில் பிள்ளைகளை எழுதாதீர்கள். தாய்மார்களை எழுதுங்கள். லேயாள், ராகேல், லேயாளின் வேலைக்காரி சில்பாள், ராகேலின் வேலைக்காரி பில்காள். ஆளுக்கு ஒரு நிறம். யாக்கோபு கட்டியது தாய்மாமன் லாபானின் பெண்களை. மாமன் மகள் என்று சொன்னாலே நம் பிள்ளைகளுக்குப் பாதி கதை புரிந்துவிடும். ஆசைப்பட்டது இளையவளை, மாமனார் தள்ளிவிட்டது மூத்தவளை. அக்காளும் தங்கையும் ஒரே வீட்டில் சக்களத்திகள். அந்தப் போட்டியில்தான் கோத்திரங்களின் பெயர்களே பிறக்கின்றன.

இப்போது ஆதியாகமம் 29, 30 அதிகாரங்களைப் படித்துக்கொண்டே பிறந்த வரிசையில் எழுதுங்கள். லேயாளுக்கு ரூபன், சிமியோன், லேவி, யூதா. பில்காளுக்கு தாண், நப்தலி. சில்பாளுக்கு காத், ஆசேர். மறுபடியும் லேயாளுக்கு இசக்கார், செபுலோன், அப்புறம் தீனாள் என்ற மகள். கடைசியில் ராகேலுக்கு யோசேப்பு. ஒவ்வொரு பெயருக்குக் கீழேயும் தாய் சொன்ன காரணத்தை இரண்டே வார்த்தையில் குறியுங்கள். ரூபனுக்கு ‘சிறுமையைப் பார்த்தார்’, யூதாவுக்கு ‘துதிப்பேன்’, நப்தலிக்கு ‘போராட்டம்’. பென்யமீனுக்கு 35ஆம் அதிகாரம் போக வேண்டும். பெத்லெகேமுக்குப் போகும் வழியில் அவனைப் பெற்றுவிட்டு ராகேல் இறந்துபோகிறாள். சாகும்போது அவள் வைத்த பெயர் பெனொனி. தகப்பன் அதை மாற்றிவிட்டார்.

எழுதியது சரியா என்று பார்க்க 46ஆம் அதிகாரம் இருக்கிறது. எகிப்துக்குப் போன குடும்பத்தை அங்கேயும் தாய்வழியாகத்தான் எண்ணியிருக்கிறார்கள். லேயாள் வழியில் 33, சில்பாள் வழியில் 16, ராகேல் வழியில் 14, பில்காள் வழியில் 7. கூட்டினால் 70. இந்தக் கூட்டலைப் பிள்ளைகளையே போடச் சொல்லுங்கள்.

சரி, என்னை மாட்டிவிட்ட இடத்துக்கு வருவோம். யோசேப்புக்குக் கீழே பென்சிலால் மனாசே, எப்பிராயீம் என்று எழுதுங்கள். 48ஆம் அதிகாரத்தில், கண் மங்கிப்போன யாக்கோபு இந்த இரண்டு பேரன்களையும் ரூபன், சிமியோனைப் போல் தன் சொந்தப் பிள்ளைகளாக எடுத்துக்கொள்கிறார். ஆசீர்வதிக்கும்போது கைகளைக் குறுக்காக மாற்றி, வலது கையை இளையவன் எப்பிராயீம் தலையில் வைக்கிறார். யோசேப்பு தடுத்தும் கேட்கவில்லை. அண்ணனுக்கு உரியதைத் தம்பியாக இருந்து வாங்கியவர்தானே யாக்கோபும்! யோசேப்பு ஒருவருடைய இடத்தில் இருவர் வந்ததால் எண்ணிக்கை 13 ஆகிறது. அதனால் எந்தப் பட்டியலைப் பார்த்தாலும், இது எதற்காக எடுத்த கணக்கு என்று முதலில் கேளுங்கள். நிலத்துக்கோ படைக்கோ எடுத்த கணக்கென்றால் பெரும்பாலும் லேவி இருக்காது, எப்பிராயீமும் மனாசேயும் தனித்தனியாக வரும். யாக்கோபின் பிள்ளைகள் என்ற கணக்கென்றால் லேவியும் யோசேப்பும் இருப்பார்கள், பேரன்கள் தகப்பனுக்குள் அடங்கிவிடுவார்கள். எண்ணாகமம் முதல் அதிகாரம் படைக்கணக்கு. யுத்தத்துக்குப் புறப்படத்தக்கவர்கள் 6,03,550 பேர். அதில் லேவியர் சேரவில்லை.

லேவி ஏன் சேரவில்லை என்பதில் கொஞ்சம் நேரம் செலவிடுங்கள், அவசரப்பட வேண்டாம். தங்கை தீனாளுக்கு நேர்ந்ததற்குப் பழிவாங்க சிமியோனும் லேவியும் சீகேம் ஊரையே வெட்டிப் போட்டார்கள். மரணப்படுக்கையில் தகப்பன் இருவருக்கும் ஒரே சாபத்தைச் சொன்னார்: சிதறிப் போவீர்கள். சிமியோனுக்கு யூதாவின் எல்லைக்குள்ளேயே பங்கு கிடைத்தது. மோசே கடைசியாக ஆசீர்வதிக்கும் உபாகமம் 33இல் சிமியோனின் பெயரே இல்லை. லேவியும் சிதறியது, ஆனால் வேறு விதமாக. ஜனங்கள் பொன் கன்றுக்குட்டி செய்து வணங்கிய விவகாரத்தில் மோசேயின் பக்கம் போய் நின்றது அந்தக் கோத்திரம்தான். ஆராதனை ஊழியம் அதற்கு வந்தது. நாடு முழுக்க 48 பட்டணங்களில் குடியிருந்தார்கள். ஒரே சாபம், இரண்டு முடிவு. அட்டவணையில் சிமியோனிலிருந்து யூதாவுக்கு ஒரு அம்புக்குறி போடுங்கள். லேவியைச் சுற்றி 48 புள்ளிகள் வைக்கும் வேலையைச் சின்னப் பிள்ளைகளிடம் விட்டுவிடுங்கள், பத்து நிமிஷம் அமைதியாக இருப்பார்கள்.

அடுத்து, மூத்தவன் ரூபனுக்கு என்ன ஆயிற்று? 1 நாளாகமம் 5ஆம் அதிகாரத்தின் முதல் இரண்டு வசனங்களை அட்டவணையின் ஓரத்தில் எழுதி வையுங்கள், பல முடிச்சு அவிழும். ரூபன் பில்காளிடம் தவறாக நடந்து தகப்பனின் படுக்கையைத் தீட்டுப்படுத்தியதால் சேஷ்டபுத்திர சுதந்தரம், அதாவது மூத்தமகன் உரிமை, யோசேப்பின் பிள்ளைகளுக்குப் போனது. மூத்தவனுக்கு இரட்டைப் பங்கு. அதுதான் எப்பிராயீம், மனாசே என்ற இரண்டு கோத்திரம். ஆளுகை மட்டும் யூதாவிடம் வந்தது. தாவீது அந்த வழி, இயேசுவும் அந்த வழி. யூதர் என்ற பெயரே யூதாவிலிருந்து வந்ததுதான். லேவி வழியில் வராத இயேசு எப்படிப் பிரதான ஆசாரியர் ஆக முடியும் என்ற கேள்விக்குத்தான் எபிரெயர் 7ஆம் அதிகாரம், லேவி பிறக்கும் முன்பே ஆசாரியராக இருந்த மெல்கிசேதேக்கை வைத்துப் பதில் சொல்கிறது. பெரிய வகுப்பு என்றால் இதையும் படியுங்கள்.

யூதாவின் கிளையில் அவருடைய மருமகள் தாமாரை விட்டுவிடாதீர்கள். ஆதியாகமம் 38 சங்கடமான அதிகாரம்தான். விதவை மருமகளை ஏமாற்றிய மாமனார், முக்காடு போட்டு வழியோரம் உட்கார்ந்து நியாயத்தைத் தானே வாங்கிக்கொண்ட மருமகள். சின்னவர்களுக்கு ‘யூதா கொடுத்த வாக்கைக் காப்பாற்றவில்லை, தாமாரே என்னிலும் நீதியுள்ளவள் என்று பிறகு அவரே ஒத்துக்கொண்டார்’ என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறேன். மத்தேயு முதல் அதிகாரத்தில், இயேசுவின் வம்ச வரிசையில், அவள் பெயர் வெளிப்படையாக இருக்கும்போது நாம் மறைத்து என்ன செய்ய?

கடைசியாக ஒரு பரீட்சை. எசேக்கியேல் 48ஐத் திறந்து, அங்கே எந்தக் கணக்கு என்று கேளுங்கள். இரண்டுமே இருக்கிறது. அதிகாரத்தின் முதல் பாதியில் நிலப்பங்கு, அதனால் எப்பிராயீமும் மனாசேயும் தனித்தனி. முடிவில் நகரத்தின் 12 வாசல்கள், அங்கே லேவிக்கு ஒரு வாசல், யோசேப்புக்கு ஒரு வாசல். அட்டவணை போட்ட பிள்ளைகள் இதை உடனே பிடித்துவிடுவார்கள்.

வெளிப்படுத்தல் 7 இந்த விதிக்கு அடங்காது. கோத்திரத்துக்கு 12,000 என்று முத்திரை போடப்பட்ட 1,44,000 பேர். பட்டியல் ரூபனில் தொடங்காமல் யூதாவில் தொடங்குகிறது. லேவி உண்டு, யோசேப்பு உண்டு, கூடவே மனாசேயும் உண்டு. தாணைக் காணோம். நியாயாதிபதிகள் 18இல் தாண் கோத்திரத்தார் விக்கிரகம் வைத்ததும், பின்னாளில் யெரொபெயாம் ராஜா தாண் ஊரில் கன்றுக்குட்டி நிறுத்தியதும்தான் காரணம் என்று பல போதகர்கள் சொல்வார்கள். வசனத்தில் காரணம் எதுவும் எழுதவில்லை, நானும் எழுதிக் கொடுப்பதில்லை. போன மாதம் ஒரு சிறுமி, “டீச்சர், அப்போ தாணை அடிச்சிடவா?” என்று ரப்பரோடு வந்தாள். எசேக்கியேல் 48இன் முதல் வசனத்தை வாசிக்கச் சொன்னேன். நிலப்பங்கு அங்கே தாணில்தான் ஆரம்பிக்கிறது. ரப்பரைப் பெட்டிக்குள் வைத்துவிட்டாள்.